வாட்ச்சை மாத்துங்க... வெட்கத்தை விடுங்க!

மகன் அமெரிக்காவில் இருக்கிறான். மருமகளுக்கு இது எட்டாவது மாதம். "அப்பா, அம்மா ரெண்டு பேரும் கிளம்பி வாங்க" என்று போன் வந்தாச்சு. டிக்கெட்டும் வந்தாச்சு. அடுத்து வீட்டில் என்ன நடக்கும்? பருப்புப் பொடி இடிப்போம். பிரசவ லேகியம் கிளறுவோம். பெட்டியை எடை மிஷினில் ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி, கடைசியில் ஒரு ஊறுகாய் பாட்டிலை வெளியே எடுத்து வைப்போம்.

ஆனால் நடுவில் ஒரு ஊரில் இறங்கி, வேறு விமானம் ஏற வேண்டியிருக்கிறதே, அந்த மூன்று மணி நேரத்தைப் பற்றி யாராவது பேசுகிறோமா? பெட்டியின் எடையைப் பத்துத் தடவை பார்க்கிற நாம், பயணம் போகிறவரின் சர்க்கரையை ஒரு தடவையாவது பார்க்கிறோமா?

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். வயது அறுபத்தெட்டு. தினமும் காலையில் பார்க்கில் நடப்பவர். மனைவியோடு துபாய் வழியாக நியூயார்க் போனார். விடியற்காலை விமானம் என்பதால் ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. விமானத்தில் சாப்பாடு வந்தபோது, "இந்த நேரத்துல எவன் சாப்பிடுவான்?" என்று திருப்பி அனுப்பிவிட்டார். துபாயில் இறங்கியபோது அவர் கைக்கடிகாரத்தில் மணி எட்டு. எட்டு மணி என்றால் சர்க்கரை மாத்திரை நேரம். வழக்கம் மாறாத மனிதர். போட்டுக்கொண்டார்.

அடுத்த விமானம் எட்டே முக்கால். "அய்யய்யோ, முக்கால் மணி நேரம்தான் இருக்கு!" என்று ஓட ஆரம்பித்தார். தோளில் ஒரு பை, கையில் ஒரு பை. பின்னால் மூட்டுவலியோடு மனைவி. பசி, தாகம், பாத்ரூம் எதுவும் நினைவில்லை. கேட்டைக் கண்டுபிடித்து உட்கார்ந்தபோது உடம்பெல்லாம் வியர்வை, கை நடுக்கம், பேச்சு குழறல். அந்த அம்மா புத்திசாலி. பைக்குள் கிடந்த கல்கண்டை வாயில் போட்டு மெல்லச் சொன்னார். பத்துப் பதினைந்து நிமிடத்தில் மனிதர் தெளிந்தார்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? அப்போது துபாயில் மணி எட்டே இல்லை. ஆறரைதான்! துபாய் நேரம் நம்மைவிட ஒன்றரை மணி பின்னால். டிக்கெட்டில் அச்சடித்திருப்பது அந்தந்த ஊர் நேரம். அவர் கடிகாரமோ இன்னும் சென்னையிலேயே இருந்தது. ஆக, அவர் கையில் இரண்டே கால் மணி நேரம் இருந்தது. ஓடவே வேண்டியதில்லை! நிதானமாக இட்லியோ ரொட்டியோ சாப்பிட்டு, மாத்திரை போட்டு, கைகால் கழுவிக்கொண்டு போயிருக்கலாம்.

ஊருக்குத் திரும்பி வந்தபின் அவரே சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கேட்ட எனக்குச் சிரிப்பு வரவில்லை. கல்கண்டு இல்லாமல் போயிருந்தால்?

அது கட்டடம் இல்லை, ஒரு ஊர்!

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். பெரிய விமான நிலையம் என்பது நம் எழும்பூர் ஸ்டேஷன் மாதிரி ஒரு பிளாட்பாரத்திலிருந்து இன்னொன்றுக்குப் படி ஏறி இறங்குகிற சமாச்சாரம் இல்லை. துபாய் விமான நிலையத்தை 2024-ல் மட்டும் 9 கோடியே 23 லட்சம் பேர் பயன்படுத்தினார்கள். சராசரியாக ஒரு நாளைக்கு இரண்டரை லட்சம் பேர்! மூன்று டெர்மினல்கள். 2008-ல் திறந்த மூன்றாவது டெர்மினலுக்குள்ளேயே ஏ, பி, சி என்று மூன்று பிரிவுகள். ஏ-வுக்கும் பி-க்கும் நடுவில் ரயிலே ஓடுகிறது. இரண்டாவது டெர்மினல் ஓடுபாதைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. நடந்து போக முடியாது.

கேட் எண்ணின் முதல் எழுத்தே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். 'பி' என்று ஆரம்பித்தால் பி பிரிவு. 'ஏ' என்றால் ஏ பிரிவு. எழுத்தைப் பார்க்காமல் எண்ணை மட்டும் நினைவு வைத்துக்கொண்டு நடந்தால், நடந்த தூரமெல்லாம் திரும்ப நடக்க வேண்டியதுதான். போதாததற்கு, வழியில் இன்னொரு முறை பாதுகாப்புச் சோதனை. பெல்ட்டைக் கழற்று, பையைத் தூக்கி வை, மறுபடி எடு.

அறுபத்தைந்து வயதுக்காரர், இரவு தூங்காதவர், வெறும் வயிறு, ஏழு கிலோ பை. இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். விமானப் பயணத்தில் உடம்புக்குச் சோதனை ஆகாயத்தில்தான் என்று நினைக்கிறோம். என்னைக் கேட்டால், பெரியவர்களுக்குப் பாதிச் சோதனை தரையில்தான்.

"எனக்கெதுக்கு வீல்சேரு?"

இந்த ஒரு கேள்வியைக் கேட்காத அப்பாக்கள் தமிழ்நாட்டில் உண்டா? "நான் என்ன நொண்டியா? நாலு பேர் பார்த்தா என்ன நினைப்பாங்க?" என்பார்கள். அம்மாக்கள் வேறு ரகம். "அவருக்கு மட்டும் சொல்லுப்பா, நான் பின்னாடியே நடந்து வந்துடறேன்" என்பார்கள்.

இந்த இரண்டு பேச்சும் ஆபத்து. 2024 பிப்ரவரியில் மும்பையில் நடந்ததை நினைவுபடுத்துகிறேன். நியூயார்க்கிலிருந்து வந்து இறங்கிய ஒரு வயதான தம்பதிக்கு ஒரே ஒரு சக்கர நாற்காலிதான் கிடைத்தது. மனைவியை அதில் உட்காரவைத்துவிட்டு, எண்பது வயதுக் கணவர் கூடவே நடந்தார். குடியேற்றச் சோதனைப் பகுதியில் சரிந்து விழுந்தார். பிழைக்கவில்லை. விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அந்த விமான நிறுவனத்துக்கு 30 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. அபராதம் சரி, போன உயிர்?

இரண்டாவது நாற்காலி வரும்வரை காத்திருக்கச் சொன்னதாகவும், அவர் மனைவியோடு நடந்து போகவே விரும்பியதாகவும் நிறுவனம் சொன்னது. நம் வீட்டு ஆண்கள் அத்தனை பேரும் அப்படித்தான் செய்திருப்பார்கள். அதனால்தான் சொல்கிறேன்: நாற்காலி வரும்வரை உட்காருங்கள். அரை மணி ஆனாலும் உட்காருங்கள். உங்களை ஏற்றாமல் விட்டுவிடுவார்களோ என்று பயந்து நடக்காதீர்கள். முன்பதிவு செய்த உதவியைக் கொடுப்பது அவர்கள் கடமை.

சக்கர நாற்காலி என்றால் நடக்கவே முடியாதவர்களுக்கு என்ற எண்ணமே தப்பு. விமான நிறுவனங்கள் இதை மூன்று வகையாகப் பிரித்து வைத்திருக்கின்றன. படி ஏறி இறங்க முடியும், விமானத்துக்குள் நடக்க முடியும், ஆனால் நெடுந்தூரம் நடக்க முடியாது என்பவர்கள் முதல் வகை. படி ஏற முடியாதவர்கள் இரண்டாம் வகை. இருக்கைவரை கொண்டுபோய் உட்காரவைக்க வேண்டியவர்கள் மூன்றாம் வகை. நம் வீட்டுப் பெரியவர்களில் பலர் அந்த முதல் வகைதான். அதாவது, அவர்களுக்காகவே ஏற்படுத்திய வசதி அது. பயணத்துக்குக் குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். கவுண்ட்டரில் போய்க் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள்.

சரி, எதிர்க் கேள்வியும் எனக்குக் காதில் விழுகிறது. "நல்லா நடக்கிறவங்களே க்யூவில் நிற்காமல் போகறதுக்காக வீல்சேர் போடறாங்களே சார்?" உண்மைதான். அது தப்புதான். ஒருவர் சும்மா உட்கார்ந்து போகிற நாற்காலிதான் இன்னொருவருக்கு இல்லாமல் போகிறது. ஆகவே நேர்மையாக ஒரு பரீட்சை வைத்துக்கொள்ளுங்கள். பயணத்துக்கு ஒரு மாதம் முன்பு, கையில் கொண்டுபோகிற பையை அதே எடையோடு தூக்கிக்கொண்டு, சாப்பாட்டுக்கு முந்திய நேரமாக இல்லாமல் ஒரு கிலோமீட்டர் நடந்து பாருங்கள். கூட ஒருவரை அழைத்துக்கொள்ளுங்கள். நடுவில் நின்று மூச்சு வாங்கினாலோ, நெஞ்சில் இறுக்கமோ கெண்டைக்காலில் வலியோ வந்தாலோ, முதலில் உங்கள் டாக்டரிடம் போங்கள். பிறகு வீல்சேருக்குச் சொல்லுங்கள். இருதய நோயாளிகளுக்கு இந்தப் பரீட்சையே வேண்டாம். நேராக டாக்டரைக் கேளுங்கள்.

நாற்காலி தூரத்துக்கு, நடை காலுக்கு!

வீல்சேர் கிடைத்ததும் அடுத்த தப்பு ஆரம்பிக்கும். கொண்டுபோய் ஓரிடத்தில் விட்டுவிடுவார்கள். அங்கேயே மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருப்போம். எழுந்தால் நாற்காலியை யாராவது எடுத்துக்கொண்டு போய்விட்டால்? இந்தப் பயத்தில் டாய்லெட்டுக்குக்கூடப் போகாத அம்மாக்கள் இருக்கிறார்கள். டாய்லெட் போக வேண்டி வருமே என்று தண்ணீரே குடிக்காதவர்களும் உண்டு.

நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால், கால் நரம்புகளில் ரத்தம் உறைகிற அபாயம் ஏறத்தாழ இரு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-ல் வெளியிட்ட ஆய்வு சொன்னது. பயப்படாதீர்கள், அந்த இரு மடங்கும் சுமார் 6,000 பேருக்கு ஒருவர் என்ற அளவில்தான். ஆனால் சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், முன்பே ரத்தக்கட்டு வந்தவர்கள், உடல் பருமன் உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுக்கொண்டே கிளம்ப வேண்டும். சென்னையிலிருந்து துபாய் நான்கு மணி நேரம். அங்கிருந்து நியூயார்க் சுமார் பதினான்கு மணி நேரம். இரண்டுக்கும் நடுவில் கால்களுக்குக் கிடைக்கிற ஒரே விடுதலை இந்த டிரான்ஸிட் நேரம்தான். அதையும் நாற்காலியிலேயே கழித்தால் எப்படி?

ஆகவே கேட் வரைக்கும் நாற்காலி. கேட் பக்கத்தில் வந்தபின் எழுந்து, கையில் பை இல்லாமல், மெதுவாக ஐந்து நிமிட நடை. அரை மணிக்கு ஒரு தடவை இப்படிச் செய்யுங்கள். நடக்க முடியாதவர்கள் உட்கார்ந்தபடியே பாதங்களை மேலும் கீழும் அசைக்கட்டும். உதவிக்கு வருகிற பையனிடம் கூச்சப்படாமல், "தம்பி, பாத்ரூம் போகணும், ஏதாவது சாப்பிடணும்" என்று சொல்லுங்கள். துபாயில் மலையாளமோ இந்தியோ தெரிந்த ஊழியர்கள் நிறைய. ஒன்றும் புரியாவிட்டாலும் வயிற்றைத் தொட்டுக் காட்டினால் எந்த தேசத்துக்காரருக்கும் புரியும்!

தண்ணீர் பாட்டிலை காலியாகக் கொண்டுபோங்கள். சோதனை முடிந்தபின் நிரப்பிக்கொள்ளலாம். விமானத்துக்குள் காற்றில் ஈரம் மிகக் குறைவு, 20 சதவீதத்துக்கும் கீழே. அதனால் ஏறும் முன்பே ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பது நல்லது. இருதயத்துக்காகவோ கிட்னிக்காகவோ தண்ணீர் அளவு குறித்துக் கொடுத்திருந்தால் அந்த அளவைத் தாண்ட வேண்டாம். நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பயண நாளில் எப்போது போடுவது என்று டாக்டரையே கேளுங்கள். "ஒரு நாள் போடாட்டி என்ன?" என்று நீங்களே தீர்ப்பு எழுதாதீர்கள்.

சர்க்கரைக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை

மேற்கு நோக்கிப் போகும்போது உங்கள் பகல் நீண்டுகொண்டே போகும். எட்டு மணி என்றால் எந்த ஊர் எட்டு மணி? மாத்திரைக்கும் இன்சுலினுக்கும் அன்று மட்டும் தனி அட்டவணை வேண்டும். டிக்கெட்டை டாக்டரிடம் காட்டி, ஒரு சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சாப்பாடு கண் முன்னால் வராமல் மாத்திரையை வாயில் போடக்கூடாது. தலைமை ஆசிரியர் கதை இதற்குத்தான்.

சட்டைப் பையில் சர்க்கரையோ குளுக்கோஸோ இருக்கட்டும். வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் வந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரை. பதினைந்து நிமிடம் கழித்தும் சரியாகவில்லை என்றால் மறுபடி அதே அளவு. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. உடனே ஊழியர்களைக் கூப்பிடுங்கள். பெரிய விமான நிலையங்களில் மருத்துவ மையம் உண்டு, துபாயிலும் உண்டு.

இன்சுலின் கைப்பையில்தான் இருக்க வேண்டும். சரக்கு அறைக்குப் போகிற பெட்டியில் வைத்தால் குளிரில் உறையலாம். உறைந்த இன்சுலின் பயன்படாது. பெட்டி ஒரு ஊருக்கும் நீங்கள் ஒரு ஊருக்கும் போய்விடுகிற ஆபத்து வேறு. எல்லா மாத்திரையும் கடை அட்டையோடு, டாக்டர் சீட்டோடு இருக்கட்டும். டப்பாவில் கொட்டிக் கொண்டுபோகாதீர்கள். கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால் என்கிற வலி மாத்திரை போன்றவை ஐக்கிய அரபு நாடுகளில் கட்டுப்பாட்டில் உள்ளவை. ஊருக்குள் இறங்குகிறவர்கள் முன் அனுமதி வாங்க வேண்டும். மருந்து இருக்கட்டும், நம் அடுக்களைக் கசகசாவுக்கே அங்கே தடை! குருமாப் பொடியில் கலந்திருந்தாலும் வேண்டாம், வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, சோதனைக்கு முன்பே சொல்லிவிடுங்கள். மூட்டு மாற்று ஆபரேஷன் ஆனவர்களும் அப்படியே. மிஷின் கூவினால் பதற வேண்டாம்.

மறதி நோய் ஆரம்பித்திருக்கிற அம்மா அப்பாவைத் தனியாக அனுப்பவே கூடாது என்பது என் கருத்து. கூட யாராவது போனாலும் ஒரு நிமிடத்தில் கை நழுவிவிடும். சூரியகாந்திப் பூ போட்ட பச்சை நிறக் கழுத்துப் பட்டை ஒன்று இருக்கிறது. வெளியே தெரியாத குறைபாடு உள்ளவர் இவர், கொஞ்சம் பொறுமையாக உதவுங்கள் என்று ஊழியர்களுக்கு அது சொல்லும். 2016-ல் லண்டன் கேட்விக் விமான நிலையத்தில் ஆரம்பித்தது. இப்போது துபாய் உட்பட எத்தனையோ நிலையங்களில் இருக்கிறது. கேட்டு வாங்கிப் போட்டுவிடுங்கள்.

பிள்ளைகளே, இது உங்களுக்கு!

கடைசியாக, டிக்கெட் வாங்குகிற பிள்ளைகளுக்கு. இதைப் படிக்கிற பெற்றோர், கத்தரித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் சந்தோஷமே.

எந்த டிக்கெட் விலை குறைவு என்று மட்டும் பார்த்து வாங்குகிறீர்கள். நடுவில் ஒன்றரை மணி நேரம்தான் இருக்கிறது என்றால், உங்களுக்கு அது மிச்சம். உங்கள் அப்பாவுக்கு அது ஓட்டம். பெரியவர்களுக்குக் குறைந்தது மூன்று மணி நேரம் இருக்கட்டும். பத்து மணி நேரக் காத்திருப்பும் வேண்டாம். அது வேறு தண்டனை. இரண்டு தனித்தனி டிக்கெட்டுகளை ஒட்டுப் போடாதீர்கள். ஒரே டிக்கெட்டாக இருந்தால் முதல் விமானம் தாமதமானாலும் அடுத்ததில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனி என்றால் பெட்டியை எடுத்து, மறுபடி போட்டு, தவறவிட்டால் புது டிக்கெட்டும் வாங்கி... அம்மா அப்பாவால் ஆகுமா?

ஒரு காகிதத்தில் பெரிய எழுத்தில், தமிழில், இவ்வளவும் எழுதிக் கொடுங்கள்: இறங்கும் நேரம், ஏறும் நேரம், இரண்டும் அந்த ஊர் நேரப்படி. 'இறங்கியதும் வாட்ச்சை ஒன்றரை மணி பின்னால் திருப்பவும்.' 'கேட் எண்ணைத் திரையில் மறுபடி பார்க்கவும், மாறலாம்.' 'விமானம் கிளம்புவதற்குப் பதினைந்து இருபது நிமிடம் முன்பே கேட்டை மூடிவிடுவார்கள்.' ஒவ்வொரு விமானத்துக்கும் ஒலிபெருக்கியில் கூப்பிடும் பழக்கம் பல பெரிய நிலையங்களில் குறைந்துவிட்டது. அதனால் காதை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. காகிதத்தின் கீழே உங்கள் போன் எண், அவர்களுடைய வியாதி, மருந்து விவரம், ஆங்கிலத்தில். போனில் சார்ஜ் தீர்ந்தாலும் காகிதம் தீராது.

பேரனைப் பார்க்கப் போகிற பாட்டியும் தாத்தாவும் பருப்புப் பொடியைச் சுமக்கட்டும். பயத்தையும் வெட்கத்தையும் சுமக்க வேண்டாம். பெட்டியில் இரண்டு கிலோ குறைந்தால் பேரன் கோபித்துக்கொள்ள மாட்டான். தாத்தா தெம்பாக வந்து தூக்கிக்கொண்டால் அவனுக்குப் போதும்.

அடுத்த மாதம் உங்கள் வீட்டிலிருந்து யாராவது கிளம்புகிறார்களா? இன்றைக்கே கேளுங்கள்: "வீல்சேருக்குச் சொல்லியாச்சா? டாக்டர்கிட்டே டிக்கெட்டைக் காட்டியாச்சா?"